ஆயுத பூஜையன்று இருண்ட திரை

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் எனக்குப் போன் வருவது நிற்கவில்லை. எல்லாம் எங்கள் கம்பெனியில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள்தான். "சார், அப்கிரேட் போட்டேன், ஸ்கிரீன் கறுப்பாவே நிக்குது, ஃபார்மட் பண்ணிரட்டுமா?" என்பார்கள். அனுமதி கேட்கிற மாதிரி இருக்கும். ஆனால் கேட்கும்போதே ஒரு கை பென் டிரைவைச் செருகிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தலைமை அலுவலகத்தில் இப்போது புதிய முறை வந்திருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டர் தகராறு செய்தாலும் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், மொத்தமாக அழித்துவிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவான நகலை ஏற்றிவிட வேண்டும். கடிதம் அடிக்கிற கம்ப்யூட்டருக்கு அது சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டால் எதையும் தொடாதே என்று கத்திவிடுகிறேன். ஏன் சார் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று போன வாரம் ஒருவன் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் சவரிமுத்து. சேலத்துக்காரன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, டி.வி. ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம், நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நாமக்கல்லில் ஒரு கோழிப் பண்ணைக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். தீவன ஆலை, முட்டைக் கிடங்கு, குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி எல்லாம் அதற்குள் அடக்கம். கோழியைக் குழம்பில் பார்த்ததோடு சரி, அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, ஒயரைத் தொடுகிற ஆள் இவன்தானே என்று அவற்றையும் என் தலையில் கட்டினார்கள். கற்றுக்கொண்ட கதையை நீட்ட விரும்பவில்லை. பிரித்துப் பார்த்தும் திட்டு வாங்கியும் கற்றேன்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு நாங்கள் மாறியது பெரிய கொள்கையால் இல்லை. தீவன ஆலையின் எடைமேடைக்கு வரும் லாரி டிரைவர்கள் பாட்டு ஏற்றிக்கொள்ளப் பென் டிரைவோடு வருவார்கள். எடை போடுகிற கம்ப்யூட்டரில் செருகுவார்கள். பாட்டு ஏறும், வைரஸ் இறங்கும். எடைமேடை படுத்துவிட்டால் லாரிகள் சாலை வரைக்கும் நிற்கும், அதே டிரைவர்கள் என் பரம்பரையையே இழுத்துப் பேசுவார்கள். லினக்ஸில் அந்த வைரஸ்கள் ஓடாது என்பதால் அந்த எரிச்சலில் மாறினோம், மாறியபின் நிம்மதியாக இருந்தது.

மாறிய புதிதில் ஒரு பாடம் கிடைத்தது. அப்கிரேட் முடிந்த மறுநாள், தீவன ஆலைக் கணக்காளர் பாஸ்வேர்டு போடுகிறார், திரை ஒரு கணம் இருண்டுவிட்டு மறுபடி பாஸ்வேர்டையே கேட்கிறது. எத்தனை தரம் போட்டாலும் அதே கதைதான். நான் டெஸ்க்டாப் என்கிற முகப்புத் திரையின் அமைப்புகளையெல்லாம் அரை நாள் புரட்டிப் போட்டேன். கடைசியில் பார்த்தால், மகள் கல்யாண வீடியோ முழுவதையும் மனிதர் அந்தக் கம்ப்யூட்டரில் கொட்டி வைத்திருக்கிறார். டெஸ்க்டாப் எழும்போது ஹார்டு டிஸ்க் என்கிற வட்டில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியாக வேண்டும். அதற்குக்கூட இடமில்லை என்பதால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நாம் பார்க்கும் திரை வேறு, உள்ளே ஓடும் இயந்திரம் வேறு என்று அன்று எனக்கு உறைத்தது. வீடியோவை நகர்த்தியதும் எல்லாம் சரியாகி, அவர் என்னை உட்கார வைத்துத் தாலி கட்டுகிற இடத்தையும் போட்டுக் காட்டினார்.

இனி பழனிவேல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹேச்சரியின் மேலாளர், எனக்கும் அவர்தான் மேலதிகாரி. திருச்செங்கோட்டுப் பக்கம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெரியவர் சின்னவர் எல்லாரும் அவருக்குச் சாமிதான். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகச் 'சாமி' என்பார், அதற்குத்தான் எல்லோரும் நடுங்குவோம். கம்ப்யூட்டர் பழுது என்றால் என் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். கீபோர்டைத் தொட மாட்டார். மூன்று கேள்விகள் கேட்பார்.

"இப்ப எது ஓடீட்டு இருக்குதுங்க? கடைசியா எது மாறுச்சு? நாம செய்யறது தப்பாப் போனா திரும்பி வர வழி இருக்குதுங்களா?"

மூன்றுக்கும் பதில் சொல்லாமல் ஒரு விசையைக்கூட அழுத்த விட மாட்டார். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். கட்டளையை அடித்த பிறகு, எண்டர் தட்டுவதற்கு முன்னால், அது என்ன செய்யும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கச் சொல்கிறாரே என்று. ஆனால் சொல்லத் தொடங்கிப் பாதியில் நாக்கு நின்றுபோகும் கட்டளைகள் உண்டு. நின்றால் அழித்துவிட்டு மறுபடி யோசிப்பேன். பிறகு அவர் இல்லாத இடங்களிலும் நானே தனியாகப் பேசிக்கொண்டு வேலை செய்யப் பழகிவிட்டேன். கிடங்கில் ஒருத்தர் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

சுத்தத்திலும் அவர் அப்படித்தான். ஹேச்சரிக்குள் நோய் நுழைந்தால் குஞ்சுகள் மொத்தமாகப் போய்விடும். அதனால் யாராக இருந்தாலும் கேட்டில் குளித்து, கம்பெனி உடுப்புக்கு மாறி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். பூ, திருநீறு, சந்தனம், கற்பூரப் புகை எதுவும் உள்ளே வரக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியதே அவர்தான். ஆயுத பூஜை கேட்டுக்கு வெளியே இருக்கும் ஆபீசோடு சரி. ஜெனரேட்டர், வேன், எடை மெஷின் எல்லாவற்றுக்கும் அங்கேயே பொட்டு வைத்துப் படைத்துவிடுவார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று காலையில் நான் வீட்டில் இருந்தேன். ஹேச்சர் அறை மேற்பார்வையாளர் மகேஸ்வரி போன் செய்தார்.

"சாருங்க, கம்ப்யூட்டர் ஸ்கிரீன் வரமாட்டேங்குதுங்க. கறுப்பா நிக்குது, ஓரத்துல ஒரு கோடு மட்டும் சிமிட்டுது. நாளைக்குக் குஞ்சு எடுக்கோணுமுங்க."

என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றார். குரலில் ஏதோ இடறியது, பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாளைக்குக் குஞ்சு எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதன் பொருளை விளக்கிவிடுகிறேன். குஞ்சு பொரியப் போகிற கடைசி நாட்களில் முட்டைகளை ஹேச்சர் என்ற பெரிய பெட்டிகளுக்கு மாற்றுவார்கள். அந்த நாட்களில் ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சே சூட்டை உண்டாக்கும். வெப்பத்தைப் பார்த்து, காற்று வாசல்களைத் திறந்து மூடி அந்தச் சூட்டை வெளியேற்றுவது அந்தக் கம்ப்யூட்டர். சூடு தேங்கினால் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். பயந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே ஈரம் குறைந்து, ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சு சவ்வோடு ஒட்டிக்கொண்டு சாகும். மாலைக்குள் பொரிப்புக்கான ஈரப்பதத்தைக் கூட்டவும் வேண்டும். அதை அந்தத் திரை வழியாகத்தான் செய்ய முடியும். அபாயச் சங்கு ஊதுவதும் திரையில் ஓடுகிற நிரல்தான். திரை இல்லையென்றால் எங்களுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாலை முழுவதும் மாலை போட்ட லாரிகளும் உடைத்துப் போட்ட பூசணிக்காய்களும். வழுக்கி விழாமல் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம். அவசரத்துக்கும் கேட்டில் விதிவிலக்கு கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு, உடுப்பு மாற்றி, என் லேப்டாப்பை மருந்துத் துணியால் துடைத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே குஞ்சுகள் என்ன ஆகின்றனவோ என்று தெரியாமல் காதுக்குப் பின்னால் சோப்புத் தேய்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

கட்டுப்பாட்டு அறையில் பழனிவேல் சார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகேஸ்வரி சுவரோரமாக நின்றிருந்தார். அவரிடம் வேலை பார்க்கும் பெண்கள் ஹேச்சர்களின் கண்ணாடி வழியே, உள்ளே தொங்கும் தெர்மாமீட்டர்களைப் பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூடு சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். போனில் தலைமை அலுவலகத்து தினேஷ். கோயம்புத்தூரிலிருந்து அப்கிரேடை ஆரம்பித்து வைத்தவன் அவன்தான். விடுமுறை நாள், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று காலையில் தொடங்கினானாம். பாதியில் இணைப்பு அறுந்துவிட்டதாம்.

"டிராயர்ல இன்ஸ்டால் பென் டிரைவ் இருக்கு சார். பவர் பட்டனை அமுத்தி ஆஃப் பண்ணிட்டு, அழிச்சுட்டுப் புதுசா ஏத்திருங்க. அரை மணி நேர வேலை" என்றான் தினேஷ்.

அறையில் எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப்பட்டது. நான் பழனிவேல் சாரைப் பார்த்தேன். வழக்கமாக இந்த நேரத்துக்குள் முதல் கேள்வியைக் கேட்டிருப்பார். அன்று பேசாமல் இருந்தார். சரி, நானே கேட்டுக்கொள்வோம் என்று தொடங்கினேன்.

இப்போது எது ஓடுகிறது? கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு மேல் வரிசையில் எஃப் மூன்றைத் தட்டினேன். படங்கள் இல்லாத வெறும் எழுத்துத் திரை வந்தது, பெயரைக் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பியது. உள்ளே நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைப் பட்டியலிட்டேன். காற்று வாசல்களை இயக்கும் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப் மட்டும்தான் எழ முடியாமல் விழுந்து கிடந்தது.

"மெஷின் உயிரோட இருக்கு சார். யாரும் பவரைத் தொடக் கூடாது" என்றேன். தினேஷ் சொன்னபடி அணைத்திருந்தால் காற்று வாசல்கள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். அரை மணி என்று அவன் சொன்னது இயங்குதளத்தை ஏற்றுவதற்கு. அதற்கு மேல் எங்கள் நிரலை நிறுவி ஒவ்வொரு பெட்டியோடும் இணைக்க மாலையாகிவிடும்.

கடைசியாக எது மாறியது? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வட்டு ஒழுங்காக மூடப்படாமல் நின்றுபோனதாகவும், மறுபடி விழித்தபோது பழுது பார்க்கப்பட்டதாகவும் கம்ப்யூட்டரே எழுதி வைத்திருந்தது. அப்படியென்றால் காரணம் இரண்டில் ஒன்று. யாராவது அணைத்திருக்க வேண்டும். இல்லை, வட்டு சாகக் கிடக்க வேண்டும், அதுவே திணறி நின்று திரும்ப எழுந்திருக்க வேண்டும். யாரோ அணைத்தது என்றால் வைத்தியம் சுலபம், பாதியில் நின்ற அப்கிரேடைத் தொடர்ந்து முடித்துவிடலாம். வட்டு சாகக் கிடக்கிறது என்றால் அதன்மேல் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. எழுதினால் கட்டுப்பாட்டு நிரலும் சேர்ந்து போய்விடும்.

யாராவது அணைத்தீர்களா என்று கேட்டேன். யாரும் தொடவில்லை என்றார் மகேஸ்வரி. யூபிஎஸ்ஸைப் பார்த்தேன், கரண்ட் போன தடயம் இல்லை. வட்டு பழையது, மாற்ற வேண்டும் என்று நானே பல தடவை சொல்லியிருந்தேன். அதன் உடல்நல அறிக்கை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டேன். தினேஷிடம் கேட்டேன். வாசலில் நின்ற பெண்களிடமும் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது, பழனிவேல் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வட்டுதான் என்று முடிவுகட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன். கையால் ஹேச்சர்களை ஓட்டிக்கொண்டு, நிரலை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும், ஆட்களைத் தயார்படுத்துங்கள் என்று மகேஸ்வரியிடம் சொன்னேன்.  கையால் ஓட்டுவதென்றால் கதவைத் திறந்து திறந்து மூடுவது, எத்தனை குஞ்சு ஓட்டோடு ஒட்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அதற்குள் இந்தக் களேபரத்தில் யாரும் தவறிப்போய்ப் பட்டனை அமுக்கிவிடக் கூடாதே என்று, டேப் ஒன்றைக் கிழித்து, மேசைக்குக் கீழே குனிந்து பவர் பட்டன் மேல் ஒட்டினேன். ஒட்டவில்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன், சந்தனம். பட்டனைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஈரம் காயாமல் இருந்தது, நடுவில் துடைத்த அடையாளம் தெரிந்தது.

நான் வேதக்கோயிலுக்குப் போகிறவன், கிண்டல் பண்ணுவேன் என்று மறைக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. என் ஸ்கூட்டருக்கே சாமியார் தீர்த்தம் தெளித்திருக்கிறார், முன்னால் மாதா படம் ஒட்டியிருக்கிறது, நான் யாரைக் கிண்டல் பண்ணப் போகிறேன்? எழுந்து மகேஸ்வரியைப் பார்த்தேன்.

"பொட்டு வச்சதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. வைக்கிறப்ப மெஷின் நின்னுச்சா, அது மட்டும் தெரியணும்."

மகேஸ்வரி திரும்பிப் பழனிவேல் சாரைப் பார்த்தார். பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நம்ப முடியவில்லை.

"நானுங்க" என்றார் அவர். "வருசா வருசம் வெக்கறதுதானுங்க. ஜெனரேட்டருக்கு, வேனுக்கு எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு, இத்தன உசுரைப் பாத்துக்கறது இது, இதைச் சும்மா உட மனசு வரலீங்க. அந்தப் பட்டன்தான் நெத்தியாட்டம் இருக்குது. இந்த வாட்டி வெரலை அமுத்தி வெச்சபடியே கண்ணை மூடிக் கும்புட்டேன். ஸ்கிரீன் மொதல்லயே இருட்டாத்தான் கெடந்துச்சு. கண்ணைத் தொறந்தாத்தான் ஃபேன் சத்தம் நின்னது தெரியுதுங்க. நானே மறுபடியும் போட்டேன்."

"ஏன் சார் சொல்லலை?"

"பலகை எழுதி மாட்டுனவனே நாந்தானுங்களே, சாமி. இந்தப் புள்ளைகள வெச்சுக்கிட்டு எப்புடிச் சொல்லுவேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, இன்றைக்கு எழுதும்போதும் அது முழுக்கத் தணிந்துவிடவில்லை. கடைசியாக எது மாறியது என்று இத்தனை வருஷம் என்னைக் கேட்டுக் கேட்டு வளர்த்த மனிதர், பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஒவ்வொருவராகக் கேட்டு அலைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாவமாகவும் இருந்தது. இரண்டுக்கும் அப்போது நேரமில்லை. வட்டு நன்றாக இருக்கிறது. அப்கிரேட் நடந்துகொண்டிருக்கும்போது பட்டனை அழுத்திப் பிடித்ததால் பாதி புதுசும் பாதி பழசுமாகக் கிடக்கிறது. அவ்வளவுதான். ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க சார். நான் சொல்லிச் சொல்லிச் செய்யறேன், நீங்க கேளுங்க."

வந்து உட்கார்ந்தார். மூன்றாவது கேள்வியை அவர்தான் கேட்டார், திரும்பி வர வழி இருக்கிறதா என்று. வழி செய்துகொண்டேன். கட்டுப்பாட்டு நிரலின் அமைப்புகள் எல்லாவற்றையும் முதலில் என் லேப்டாப்புக்கு நகலெடுத்தேன். பிறகு, கம்ப்யூட்டர் விழிக்கும்போது முதலில் படிக்கிற சின்ன இடத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தேன். நல்ல வேளை, பார்த்தேன். பழைய அப்கிரேடுகள் விட்டுப்போன கெர்னல்களால், அதாவது இயங்குதளத்தின் பழைய மையப் பகுதிகளால், அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பார்க்காமல் அப்கிரேடைத் தொடர்ந்திருந்தால் மறுபடி பாதியில் நின்று, அடுத்த தடவை விழிக்கவே விழிக்காது.

"இப்ப ஓடிட்டிருக்கிற கெர்னலைத் தொடலை. அதுக்கு முன்னாடி இருந்த ரெண்டை மட்டும் எடுக்கிறேன்" என்று உரக்கச் சொன்னேன்.

"ஓடறது எது, படிங்க" என்றார். படித்தேன். "எடுக்கறது எது?" அதையும் படித்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்ட பிறகு எண்டர் தட்டினேன். இடம் கிடைத்தது.

அடுத்து, பாதியில் நின்ற நிரல் பொட்டலங்களை எல்லாம் நிறுவி முடி என்கிற கட்டளை. எழுத்துகள் வரிசையாக ஓடின. வாசலில் பெண்கள் வெப்ப எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திடீரென்று ஓட்டம் நின்று, கம்ப்யூட்டர் என்னிடம் கேள்வி கேட்டது. ஒரு அமைப்புக் கோப்பை நாங்கள் மாற்றியிருக்கிறோம். எங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதிதாக வந்ததைப் போடவா? அது ஹேச்சர்களோடு பேசுகிற இணைப்புகளின் கோப்பு. புதியதைப் போட்டால் எந்த வாசல் எந்தப் பெட்டியுடையது என்பதே அதற்கு மறந்துவிடும். விரல் அதற்குள் விசைமேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

"பழசையே வச்சுக்கச் சொல்றேன் சார்."

"அதுக்கு எந்த எழுத்துங்க?"

சொன்னேன். திரையில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அழுத்தினேன். மறுபடி எழுத்துகள் ஓடின. ஒரு கட்டத்தில் கட்டுப்பாட்டு நிரலே நின்று புதிதாகத் தொடங்கியது. அந்த இடைவெளியில் ஹேச்சர் அறையில் காற்று வாசல்களின் மோட்டார் சத்தம் அடங்கிப் போனது. பிறகு ஒவ்வொன்றாக மறுபடி முனகத் தொடங்கின. கடைசியாக டெஸ்க்டாப்பை எழுப்பும் கட்டளையைச் சொல்லிவிட்டுத் தட்டினேன். திரை இருண்டது, வெளுத்தது, பெயர் கேட்கும் பெட்டி வந்தது. உள்ளே போனேன். ஹேச்சருக்கு ஒன்றாகப் பச்சைக் கட்டங்கள் வரிசையாக விரிந்தன. யாரோ பின்னால் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் சங்கு ஊதியது. நாலாம் நம்பர் ஹேச்சர் சிவப்பில் இருந்தது. முதலில் சும்மா ஊதுகிறதோ என்று நினைத்தோம். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் பெட்டியின் நடுவில் தொங்குகிறது, அது சரியாகத்தான் காட்டியது. கம்ப்யூட்டருக்குச் சூட்டைச் சொல்லும் உணரி உச்சியில் இருக்கிறது, சூடு மேலேதான் ஏறித் தேங்கும். கம்ப்யூட்டர் நின்று எழுந்தபோது நாலாம் நம்பரின் காற்று வாசல் ஒன்று பாதியில் இறுகிக்கொண்டது. ஊத வேண்டிய சங்கு டெஸ்க்டாப்போடு சேர்ந்து செத்துக் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மகேஸ்வரி ஏணியை இழுத்துக்கொண்டு ஓடிப்போய், மேலே ஏறிக் கையால் தள்ளித் திறந்தார். கட்டம் மெல்லச் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, பச்சைக்கு வந்தது.

பழனிவேல் சார் ஸ்டூலை விட்டு எழவில்லை. "சூடு எப்ப ஏறியிருக்குதுன்னு காட்டுமுங்களா?" என்று கேட்டார். காட்டும். கோட்டு வரைபடத்தைத் திறந்தேன். நான் வந்து உட்கார்ந்த நேரத்தில் கோடு கொஞ்சம்தான் தூக்கியிருந்தது. யார் அணைத்தது என்று நான் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் செங்குத்தாக ஏறியிருந்தது. அதை நான் வாயால் சொல்லவில்லை. வரைபடத்தில் கீழே நேரம் போட்டிருந்தது, அவர் படித்துக்கொண்டார்.

"செரிங்க" என்றார்.

மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து கான்ஃபரன்ஸ் போன் வந்தது. விடுமுறை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் அப்கிரேடைத் தொடங்கியது யார் என்று தினேஷைப் பிடித்துக் காய்ச்சினார்கள். அவன் பக்கமும் தவறு உண்டுதான். பழனிவேல் சார் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, பட்டனை அமுக்கியது தான் என்றும், அமுக்கிவிட்டுச் சொல்லாமல் இருந்ததும் தான் என்றும், கேட்க வேண்டியதைத் தன்னிடம் கேட்கும்படியும் சொன்னார்.  நாளைக்குக் குஞ்சு எடுத்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனேன். இத்தனை வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்தும் குஞ்சு எடுப்பதை நான் பார்த்ததில்லை, கட்டுப்பாட்டு அறையோடு திரும்பிவிடுவேன். மற்ற ஹேச்சர்களைத் திறக்கும்போதே கீச்சு கீச்சென்ற சத்தம் அறை முழுவதும் நிரம்பிவிட்டது. ஈரம் காய்ந்த குஞ்சுகள் தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றுகொண்டிருந்தன. நாலாம் நம்பரைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். பழனிவேல் சார் அதன் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார், திறக்கவில்லை.

"சத்தம் கேக்குதுங்களா?" என்று மகேஸ்வரியைக் கேட்டார்.

"கேக்குதுங்க சார். தொறங்க."

திறந்தார். சத்தம் வந்தது. கீழிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தார்கள். எல்லாவற்றிலும் குஞ்சுகள் நன்றாக இருந்தன, மகேஸ்வரி கையில் எடுத்து எடுத்துப் பார்த்து, தைரியம் வந்து சிரிக்கத் தொடங்கினார். மேலே போகப் போகச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. உச்சியில் இருந்த இரண்டு தட்டுகளில் முட்டை ஓட்டில் அலகால் குத்திய துளைகள் இருந்தன, ஒரு குஞ்சும் வெளியே வந்திருக்கவில்லை.

ஆட்களில் ஒருவர் அவற்றை எடுக்கக் கை நீட்டினார். பழனிவேல் சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தானே தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனார். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை.